பாட்டுக் கேட்க ஒரு போன்: எங்கள் கரைக்கு ஏற்றது எப்படி இருக்க வேண்டும்?

யுத்தம் முடிந்த கையோடு, 2009, 2010ஆம் ஆண்டுகளில், கல்முனைக் கடைத்தெருவில் போய் “பாட்டுப் போன் இரிக்கா?” என்று கேட்டால் போதும். கடைக்காரர் கம்பனிப் பெயர் கேட்க மாட்டார். முதுகு முழுக்க ஸ்பீக்கர் உள்ள, இரண்டு சிம் போடக்கூடிய சீனப் போன் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, கடையே அதிரும்படி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவார். கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு டோஹாவிலிருந்தோ ரியாத்திலிருந்தோ காக்கா அனுப்பிய நொக்கியா அல்லது சொனி எரிக்சன். வயலுக்கும் கடலுக்கும் தறிக்கும் அந்தப் போன்கள் போயின. பக்கத்துக் கொமினிகேசனில் மெமரி கார்ட்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவார்கள்.

இன்று எல்லோரிடமும் இருப்பது பெரிய கண்ணாடித் துண்டு. அதில் பாட்டும் கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பாட்டுக்காகவே ஒரு போனை யாராவது யோசித்துச் செய்தால், அதுவும் மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் இருக்கிற நமது சனங்களின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்தால், அது எப்படி இருக்க வேண்டும்? இது விளையாட்டுக் கேள்வி இல்லை என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. இசைக் கருவி ஒன்று எப்படி அமைய வேண்டும் என்று எங்கள் கரையில் ஒருவர் ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். சாய்ந்தமருதுக்குத் தெற்கே எல்லை தாண்டினால் காரைதீவு. அங்கே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் படித்தவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் சொல்லப்பட்ட இசை இலக்கணத்தை வைத்து, வழக்கொழிந்துபோன யாழ்கள் எப்படி இருந்திருக்கும், எந்த நரம்பு எந்தச் சுரம் தரும் என்பதையெல்லாம் கணித முறையில் ஆராய்ந்து 1947இல் “யாழ் நூல்” வெளியிட்டார். அதே ஆண்டில் காலமானார். கருவியின் அழகை அவர் முதலில் பார்க்கவில்லை. என்ன ஒலி வேண்டும், அதற்கு எந்த அளவு, எந்த வடிவம் என்ற வரிசையில் யோசித்தார். போன் செய்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மெல்லியதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்துக்குள் ஒலியை அடைக்கிறார்கள்.

ஸ்பீக்கரிலிருந்தே தொடங்குவோம். ஒலி என்பது காற்றின் அசைவு. தாழ்ந்த ஒலி, அதாவது மத்தளத்தின் அடி அல்லது றபானின் நடுத்தோலில் விழும் தட்டு, நிறையக் காற்றைத் தள்ளினால்தான் கேட்கும். போன் ஸ்பீக்கர் விரல் நகம் அளவு. அதனால் அந்த அடி வெளியே வரவே வராது. ஆனாலும் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்கிறதே, எப்படி? நமது மூளை செய்யும் உதவி அது. ஒரு குரலில் அடிச்சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரங்களும் சேர்ந்தே வரும். அடிச்சுரம் விடுபட்டாலும் மற்றவற்றைக் கேட்டு மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. நாகூர் ஹனிபாவின் பாட்டு எந்த ஓட்டைப் போனிலும் கணீரென்று கேட்பதற்கு ஒரு காரணம், அவருடைய குரலின் பலம் முழுவதும் போன் ஸ்பீக்கருக்கு வசப்படுகிற மேல் பகுதியிலேயே இருப்பதுதான். இளையராஜாவின் பேஸ் கிற்றாருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஹெட்செட் போட்டவனுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

ஆகவே நல்ல பாட்டுப் போன் தடிப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சீனப் போன்கள் அழகில்லாமல் இருந்தாலும் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தன: ஸ்பீக்கருக்குப் பின்னால் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டிருந்தன.

அடுத்தது பொத்தான். மருதமுனையில் கைத்தறி நெய்கிறவரின் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வேலையில் இருக்கும். கண் நூலில் இருக்கும். அவருக்குக் கண்ணாடித் திரையைத் தொட்டுப் பூட்டைத் திறந்து அடுத்த பாட்டுக்குப் போகச் சொன்னால் தறி நின்றுவிடும். கடலில் இருப்பவருக்குக் கை ஈரம், ஈரக்கை திரைக்குப் புரியாது. இதற்கு விடை பழையது. 2007இல் வந்த நொக்கியா 5310இல் திரையின் ஓரத்தில் பாட்டுக்கென்றே மூன்று பொத்தான்கள் இருந்தன: முந்தியது, நிறுத்து அல்லது தொடங்கு, அடுத்தது. சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் தடவியே அடுத்த பாட்டுக்குப் போகலாம். பாங்கு கேட்டதும் பார்க்காமலே நிறுத்தலாம். எங்கள் ஊரில் இது சின்ன வசதி இல்லை.

2005இல் சொனி எரிக்சன் வெளியிட்ட டபிள்யூ800தான் வோக்மன் என்ற பெயரோடு வந்த முதல் போன்களில் ஒன்று. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. போனைத் திறக்கும்போதே, பேசும் பகுதியை அணைத்து வைத்துவிட்டுப் பாட்டுப் பெட்டியாக மட்டும் பயன்படுத்தலாம். அழைப்பு வராது, பற்றரியும் மிஞ்சும். ஆனால் ஹெட்செட் குத்தும் இடத்தில் அவர்கள் தங்களுக்கென்று தனி வாய் ஒன்றை வைத்தார்கள். வயர் அறுந்தால் அதே கம்பனி வயர் தேடி அலைய வேண்டியிருந்தது. அதே ஆண்டு மோட்டோரோலாவும் அப்பிளும் சேர்ந்து றொக்கர் என்ற போனைக் கொண்டுவந்தன. கார்ட்டில் எவ்வளவு இடம் மிஞ்சினாலும் 100 பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாது என்று கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் போன் எடுபடவில்லை. வாங்கியவனுடைய பொருளுக்குள் விற்றவன் போட்ட பூட்டு அது.

பழைய வட்டமான ஹெட்செட் ஓட்டை, 3.5 மில்லிமீற்றர் அளவுள்ளது, ட்ரான்சிஸ்டர் ரேடியோக் காலத்திலிருந்து வருவது. 2016இல் ஐபோன் 7 அதை எடுத்துவிட்டது. மற்றவர்களும் பின்னால் போனார்கள். அந்த ஓட்டை போனபோது நம்மில் பலர் கவனிக்காத இன்னொன்றும் போனது: ரேடியோ. எப்.எம் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீற்றர். அதைப் பிடிக்க அதில் கால்வாசி, அதாவது 75 சென்ரிமீற்றர் அளவில் ஒரு கம்பி நல்லது. ஹெட்செட் வயர் அந்த நீளத்துக்குக் கிட்ட வருவதால் அதையே ஏரியலாகப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் வயரைக் குத்தாவிட்டால் ரேடியோ வேலை செய்யாது என்று போன் சொல்லும். ஓட்டையை அடைத்தால் ஏரியலும் இல்லை.

நோன்பு காலத்தில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் பாங்குக்காகக் காத்திருந்து நோன்பு திறந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது டேட்டாவும் வேலை செய்யாத வீடுகளில் செய்தி தந்தது சின்ன ரேடியோதான். பொருளாதாரத் தடைக்குள் பற்றரி கிடைக்காத காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, தைனமோவில் ரேடியோ கேட்டதை இதை வாசிக்கும் பலர் தங்கள் கையாலேயே செய்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாட்டில் ரேடியோ இல்லாத பாட்டுப் போன் அரைப் போன். என் கனவுப் போனில் இழுத்து நீட்டும் ஏரியல் ஒன்றும் இருக்கும், ஹெட்செட்டே தேவைப்படாமல்.

பற்றரி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். நொக்கியாவின் பீஎல்-5சி பற்றரியைப் பாருங்கள். அந்தப் போன்கள் செத்துப்போய் எவ்வளவோ காலம். அதே பற்றரி இன்றும் கடையில் கிடைக்கிறது, சந்தையில் விற்கும் சின்னச் சீன ரேடியோக்களுக்குள்ளும் அதுதான் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பெப்ரவரியிலிருந்து பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடிய பற்றரி வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. நமக்குப் பழைய செய்தி அவர்களுக்குப் புதிய சட்டம்.

இனி, வெளிநாட்டு வடிவமைப்பாளர் யாருக்கும் தோன்றியிராத ஒன்று. எங்கள் வீடுகளில் ஒரே கார்ட்டில் கிராஅத் இருக்கும், பயான் இருக்கும், ஹனிபா இருப்பார், தம்பி ஏற்றிய புதுப்படப் பாட்டும் இருக்கும். இசை கூடுமா கூடாதா என்ற வாதம் ஊரில் முடிந்தபாடில்லை, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதி ஒன்று எல்லாப் போனிலும் இருக்கிறதே, அதற்கு ஊர் நிலவரம் தெரியாது. சூரா யாசீன் முடிந்த அடுத்த கணம் குத்துப்பாட்டு ஒன்றை எடுத்து விடும். மூத்தம்மா பக்கத்தில் இருந்தால் போனை ஒளிக்க இடம் தேட வேண்டும். பாண்டிருப்பில் உள்ள என் நண்பர் வீட்டிலும் தேவாரத்துக்கு இதே கதிதான் என்றார். தீர்வு எளிது. கோப்புறைகளுக்கு இடையில் சுவர் வேண்டும். ஒரு கோப்புறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கலைக்கட்டும், சுவரைத் தாண்டக்கூடாது.

தமிழும் வேண்டும். அந்தக் காலப் போன்களில் பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் திரையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிக்கோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பிடித்துவிட்டது. ஆனால் கையிலிருந்த போனுக்குள் தமிழ் எழுத்துரு இருக்கவில்லை. கணினியில் இலங்கைத் தமிழர் பாமினி எழுத்துருவில் தட்டிய பெயரோ போனுக்குள் போனதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக மாறியது. அதனால் எல்லோரும் ஆங்கில எழுத்தில் பெயர் எழுதினார்கள், ஆளுக்கொரு விதமாக. இன்று தேடினால் ஒரே பாட்டு ஐந்து பெயரில் வரும், அல்லது வரவே வராது. இப்போது எழுத்துருப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. பெயர்கள் அப்படியே நிற்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்பது பற்றி. எனக்கு முக்கியமாகப் படுவது பதிவது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ரேடியோ கசெட்டில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தி, வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பேசி, பிள்ளையை ஓத வைத்து, கசெட்டைக் கடிதம்போல் அனுப்புவார்கள். எழுதத் தெரியாத உம்மாமார் மகனோடு பேசிய வழி அது. கல்யாண வீட்டில் பாடிய பாட்டு, பொல்லடியின் சத்தம், வயற்காவலில் பாடும் கவி எல்லாம் அப்படிக் கசெட்டில் ஏறின. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரை வீடுகளோடு அவையும் போயின. இலங்கையில் ஆகக் கூடுதலானோர் இறந்தது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேல். அத்தனை பேரை இழந்த பிறகு கசெட்டை யார் நினைத்தார்கள்? பல ஆண்டுகள் கழித்துத்தான் குரல் இல்லையே என்ற எண்ணம் வருகிறது. படம் யாரிடமாவது ஒரு பிரதி இருக்கும். குரல் அப்படி இல்லை.

பாட்டுப் போன் வந்தபோது அந்தச் சிவப்புப் பொத்தானின் வேலையும் அதற்குள் வந்தது. என் மூத்தம்மாவின் தாலாட்டு ஒன்று 2010இல் காக்கா கொண்டுவந்த போனில் பதிவானது. மூத்தம்மா இப்போது இல்லை. போனும் சார்ஜ் ஏறும் இடம் உடைந்து அலுமாரிக்குள் கிடந்தது. பதிவு கார்ட்டில் இருக்கும் என்று கார்ட்டைப் போட்டுப் பார்த்தால் இல்லை. அந்தப் போன் பாட்டைக் கார்ட்டிலும், பதியும் குரலைத் தன் வயிற்றுக்குள்ளும் வைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டிருந்தது. போன் திருத்தும் தம்பி ஒருவர் பற்றரியை மட்டும் கழற்றி, கிளிப் சார்ஜரில் வெளியே வைத்து ஏற்றி, திரும்பப் போட்டு, வயர் கொழுவி எடுத்துத் தந்தார். பற்றரி கழன்றதால்தான் அந்தக் குரல் பிழைத்தது.

ஆனால் வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. “என்ன மகன், உங்கட மூத்தம்மா ரெலிபோன்ல பாடுற மாதிரி இரிக்கி” என்றார் உம்மா. அவர் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவும் சரி. அந்தக் காலப் போன்கள் குரலைப் பதிய ஏஎம்ஆர் என்ற முறையைப் பயன்படுத்தின. அது தொலைபேசி அழைப்புக்காகவே உருவாக்கப்பட்டது. இசைத்தட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலி அளக்கப்படுகிறது. ஏஎம்ஆரில் 8,000 தடவைதான். கணக்குப்படி அதில் பாதிக்கு மேல், அதாவது 4,000 அதிர்வுக்கு மேற்பட்ட எந்த ஒலியும் அதற்குள் இருக்க முடியாது. ‘ஸ’ போன்ற எழுத்துகளின் காற்றொலி பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதுமட்டுமல்ல, மனிதத் தொண்டை ஒலி எழுப்பும் விதத்தை முன்கூட்டியே ஊகித்து, ஊகத்திலிருந்து விலகுவதை மட்டும் சேமிக்கிறது இந்த முறை. பேச்சுக்கு அருமையான தந்திரம். இழுத்துப் பாடும் தாலாட்டுக்கும் தோலில் விழும் அடிக்கும் அந்த ஊகம் பொருந்தாது. அதனால் ராகம் நடுங்கும், றபான் தகரம்போல் கேட்கும்.

மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று பாருங்கள். 128 கிலோபிட் எம்பி3 பாட்டு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மெகாபைற் எடுக்கும். ஏஎம்ஆர் அதன் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. போனுக்குள் இடம் சில மெகாபைற்றாக இருந்த காலத்தில் இது நியாயம். 1 ஜிபி கார்ட்டில் 16, 17 மணித்தியாலப் பாட்டு ஏற்றக்கூடிய போனில், சொந்தக் குரலுக்கு மட்டும் அந்தக் கஞ்சத்தனம் ஏன்? விற்ற பாட்டுக்கு நல்ல தரம், வீட்டுப் பாட்டுக்குக் கெட்ட தரம் என்று யாரோ ஒரு மேசையில் எடுத்த முடிவு அது.

ஆகவே என் போனில் சிவப்புப் பொத்தான் ஒன்று வெளியே, கையால் தடவினால் தெரியும்படி இருக்கும். அழுத்தினால் இசைத் தரத்தில் பதியும். எந்தப் போனிலும் கணினியிலும் திறக்கும் பொதுவான வடிவத்தில், கழற்றக்கூடிய கார்ட்டில், திகதியோடு பதியும். கம்பனியின் அனுமதி எதுவும் கேட்காது.

கார்ட்டைப் பற்றிப் பேசும்போது கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் சோதனைக்குப் பயந்து பாட்டுக் கசெட்டுகளை வீட்டுக் கோடியில் புதைத்த கதை தமிழ்ச் சகோதரர்கள் பலரிடம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்கும், 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததற்கும் பிறகு எங்களுக்கும் அது விளங்கியது. போனில் என்ன இருக்கிறது என்பதே பயம் தரும் கேள்வியான அந்த நாட்களில், அரபில் இருந்த எதையும், சாதாரண ஓதலைக்கூட, கார்ட்டோடு அழித்தவர்களை நான் அறிவேன். அதோடு வாப்பாவின் குரலும் பிள்ளையின் முதல் ஓதலும் போயின. இதற்கு எந்தப் போனும் பரிகாரம் தர முடியாது. ஆனால் ஒரே தொடுகையில் எல்லாவற்றையும் அழிக்கும் வசதியைவிட, வீட்டில் இன்னொரு கார்ட்டுக்கு ஒரே தொடுகையில் பிரதி எடுக்கும் வசதி நமக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். இரண்டு கார்ட் போடும் இடம் வேண்டும். சிம் இரண்டு போடலாம் என்றால் கார்ட் இரண்டு போட முடியாதா?

சத்தத்துக்கு எல்லையும் வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை பாதுகாப்பானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, பிள்ளைகளுக்கு 75. குண்டுச் சத்தத்திலேயே காது பாதி போனவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டுவதைவிட, குரலுக்குரிய பகுதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும் ஒரு பொத்தான் உதவும்.

கடைசியாக ஒரு பழைய ஆசை. சொனியின் முதல் வோக்மனில், 1979இல், ஹெட்செட் குத்த இரண்டு ஓட்டைகள் இருந்தன, இருவர் சேர்ந்து கேட்கலாம் என்று. செம்மஞ்சள் பொத்தான் ஒன்றும் இருந்தது, அதை அழுத்தினால் பாட்டு அடங்கி, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். பின்னால் வந்த வோக்மன்களில் அவை காணாமல் போயின. எனக்கு அந்த இரண்டும் திரும்ப வேண்டும்.

இப்படி ஒரு போனை யாரும் செய்து கடைக்கு அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அலுமாரியில் பழைய போன் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கார்ட்டை மட்டும் பார்த்து நிறுத்தாமல் போனின் உள் நினைவகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏஎம்ஆர் கோப்பு வந்தால் எம்பி3 ஆக்கிய பிறகும் மூலத்தை அழிக்க வேண்டாம், மாற்றும்போது தரம் கூடாது, குறையத்தான் செய்யும். இரண்டு வேறு வீடுகளில் பிரதி வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் குரல் செய்தியாக அனுப்பாமல், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அப்போது கோப்பு மாறாது. பற்றரி உப்பியிருந்தால் சார்ஜரில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதே அளவில் வேறு பற்றரி ஒன்று கேளுங்கள். பீஎல்-5சி என்றால் கல்முனையில் இன்றும் கிடைக்கும்.